நாடு எந்த வருமானத் தொகுப்பில்? கருணாபுரம் எந்தக் கணக்கில்?

2024 ஜூன் மாதம் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த விஷச்சாராயத்தைக் குடித்தவர்கள் அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் அரசு மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். இறந்தவர்களின் எண்ணிக்கை 65-ஐத் தாண்டியது. அவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலித் தொழிலாளர்கள். பெண்களும் அவர்களில் இருந்தனர்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஜூலை 1-ஆம் தேதி உலக வங்கி, வழக்கம்போல் நாடுகளை வருமானத்தின்படி பிரிக்கும் ஆண்டுப் பட்டியலை வெளியிட்டது. அதில் இந்தியா "கீழ் நடுத்தர வருமான நாடு". அதே ஆண்டில் மொத்த உற்பத்தியின் அளவில் இந்தியா உலகின் ஐந்தாவது பெரிய பொருளாதாரம். இந்தியாவுக்குள் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த பெரிய பொருளாதாரம் தமிழ்நாடு.

மூன்று செய்திகளும் உண்மையே. ஆனால் இவற்றை ஒன்றாக வைத்துப் படிக்கும்போது குழப்பம் வருகிறது. உலகின் ஐந்தாவது பொருளாதாரம் எப்படி நடுத்தரத்திலும் கீழாக இருக்க முடியும்? இரண்டாவது பணக்கார மாநிலத்தில் ஏன் மலிவு விலைச் சாராயப் பாக்கெட்டுக்கு மக்கள் பலியாகிறார்கள்? இந்த எண்கள் எப்படிக் கணக்கிடப்படுகின்றன, எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கட்டுரையில் உள்ள ஒப்பீடுகள் பெரும்பாலும் 2023, 2024-ஆம் ஆண்டுகளின் கணக்கை ஒட்டியவை. டாலருக்கு 83 ரூபாய் என்று வைத்துக் கணக்கிட்டுள்ளோம்.

மொத்த உள்நாட்டு உற்பத்தி என்றால் என்ன?

ஜி.டி.பி. என்று செய்திகளில் வருவதுதான் மொத்த உள்நாட்டு உற்பத்தி. ஒரு நாட்டின் எல்லைக்குள் ஓர் ஆண்டில் உருவான பொருட்கள், சேவைகள் எல்லாவற்றின் இறுதி மதிப்பு அது. கரும்பு, சர்க்கரை, மிட்டாய் என்று மூன்று கட்டமாக ஒரு பொருள் மாறினால் மூன்றின் விலையையும் கூட்ட மாட்டார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் புதிதாகச் சேர்ந்த மதிப்பை மட்டும் கூட்டுவார்கள். அத்துடன் பொருட்கள் மீதான வரிகளைச் சேர்த்து, மானியங்களைக் கழித்தால் சந்தை விலையிலான ஜி.டி.பி. கிடைக்கும்.

மொத்த தேசிய வருமானம் என்பது இதிலிருந்து சற்று வேறுபட்டது. நாட்டில் வசிப்பவர்கள் வெளிநாட்டு முதலீட்டிலிருந்தும் வேலையிலிருந்தும் ஈட்டியதைச் சேர்த்து, வெளிநாட்டவர் இங்கிருந்து ஈட்டிச் சென்றதைக் கழித்தால் வருவது அது. உலக வங்கி நாடுகளைப் பிரிப்பது இந்த தேசிய வருமானத்தை மக்கள்தொகையால் வகுத்துக் கிடைக்கும் தொகையை வைத்துத்தான். ஆகவே "மொத்த உற்பத்தி" ஒரு கேள்விக்கும், "வருமானத் தொகுப்பு" வேறொரு கேள்விக்கும் விடை சொல்கின்றன. முதலாவது, நாடு எவ்வளவு பெரியது என்று சொல்கிறது. இரண்டாவது, தலைக்கு எவ்வளவு வருகிறது என்று சொல்கிறது.

பெரிய குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். இருபது பேர் உள்ள கூட்டுக் குடும்பத்தின் மாத வருமானம் ஒரு லட்சம். பக்கத்து வீட்டில் நான்கு பேர், மாத வருமானம் அறுபதாயிரம். மொத்தத்தில் கூட்டுக் குடும்பம் பெரியது. தலைக்கு வரும் வருமானத்தில் பக்கத்து வீடு மூன்று மடங்கு மேல். இந்தியா அந்தக் கூட்டுக் குடும்பம் போன்றது.

உலக வங்கியின் நான்கு தொகுப்புகள்

2024 ஜூலையில் அறிவிக்கப்பட்ட வரம்புகளின்படி, ஆண்டுக்குத் தலைக்கு 1,145 டாலர் வரை வருமானம் உள்ளவை குறைந்த வருமான நாடுகள். 1,146 முதல் 4,515 டாலர் வரை கீழ் நடுத்தர வருமானம். 4,516 முதல் 14,005 டாலர் வரை மேல் நடுத்தர வருமானம். அதற்கு மேல் உயர் வருமானம். நம் பணத்தில் சொன்னால் முதல் வரம்பு ஏறத்தாழ 95,000 ரூபாய், இரண்டாவது சுமார் 3.75 லட்சம் ரூபாய். விலைவாசி மாற்றத்துக்கு ஏற்ப இந்த வரம்புகள் ஒவ்வோர் ஆண்டும் திருத்தப்படுகின்றன. டாலர் மதிப்பு ஓர் ஆண்டில் திடீரென ஏறி இறங்கினால் கணக்கு கெட்டுவிடும் என்பதால் மூன்றாண்டு மாற்று விகிதங்களின் சராசரியை எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்தியா 2007-ஆம் ஆண்டின் வருமானக் கணக்கின்படி குறைந்த வருமானத் தொகுப்பிலிருந்து கீழ் நடுத்தரத்துக்கு ஏறியது. 2023-இல் தலைக்குச் சுமார் 2,500 டாலர் என்ற நிலையில் அதே தொகுப்பில் இருக்கிறது.

ஒரு நாடு எந்தத் தொகுப்பில் இருக்கிறது என்பது சில சமயம் ஒரு மயிரிழையில் முடிவாகிறது. இலங்கை 2019 ஜூலையில் மேல் நடுத்தர வருமான நாடானது. வரம்பைவிட அறுபது எழுபது டாலர்தான் கூடுதலாக இருந்தது. அடுத்த ஆண்டே கீழே இறங்கியது. 2022-இல் பொருளாதாரம் நிலைகுலைந்தபோது, மிக ஏழை நாடுகளுக்கென உள்ள சலுகைக் கடனுக்குத் தகுதி கேட்டு இலங்கையே விண்ணப்பித்தது. அந்த டிசம்பரில் உலக வங்கி அனுமதித்தது. பெருமைக்குரிய தொகுப்பில் இருந்தால் சலுகைக் கடன் கிடைக்காது. இந்தப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் பணமும் இருக்கிறது.

ஃபலஸ்தீனின் கதை இன்னும் வேதனையானது. மேற்குக் கரையும் காஸாவும் 2023 ஜூலையில் மேல் நடுத்தரத் தொகுப்புக்கு ஏறின. அந்த அக்டோபரில் தொடங்கிய போர் ஆண்டின் கடைசி மூன்று மாதத்தை மட்டுமே தொட்டது. அதுவே போதுமாக இருந்தது. 2024 ஜூலைப் பட்டியலில் அவை கீழ் நடுத்தரத் தொகுப்புக்கு இறக்கப்பட்டன. தரைமட்டமான வீடுகளுக்கும் அநாதையான குழந்தைகளுக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. ஒரு வரி கீழே போனதோடு சரி.

இந்தியாவைத் தொகுப்போடு ஒப்பிட்டால்

ஒரு நாட்டின் உற்பத்தியை ஒரு வருமானத் தொகுப்பின் மொத்த உற்பத்தியோடு ஒப்பிடும் படங்களை அடிக்கடி காண்கிறோம். "ஏழை நாடுகள் அனைத்தும் சேர்ந்தாலும் இந்தியாவுக்கு ஈடாகாது" என்பதுபோல் இருக்கும். இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

2024 பட்டியலில் குறைந்த வருமான நாடுகள் 26. ஆப்கானிஸ்தான், யமன், சூடான், சிரியா, சோமாலியா, மாலி, நைஜர், காம்பியா எனப் பல முஸ்லிம் நாடுகள் அதில் உள்ளன. எல்லாவற்றின் உற்பத்தியையும் கூட்டினால் ஏறத்தாழ 0.6 லட்சம் கோடி டாலர் வரும். இந்தியாவின் உற்பத்தி சுமார் 3.6 லட்சம் கோடி டாலர். அதாவது ஆறு மடங்கு. கேட்பதற்குப் பிரமிப்பாக இருக்கிறது. ஆனால் அந்த நாடுகளின் மக்கள்தொகை சுமார் 70 கோடி; இந்தியாவினது 143 கோடி. தலைக்கு வகுத்தால் ஆறு மடங்கு மூன்று மடங்காகச் சுருங்கிவிடுகிறது. மொத்தத்தைச் சொல்லி மக்கள்தொகையைச் சொல்லாமல் விடும் ஒப்பீடு பாதி உண்மை.

அடுத்து, இந்தியா இருக்கும் அதே கீழ் நடுத்தரத் தொகுப்போடு ஒப்பிடுவோம். 51 நாடுகள் கொண்ட அந்தத் தொகுப்பின் மொத்த உற்பத்தியில் இந்தியாவின் பங்கு பாதிக்குச் சற்றுக் குறைவு. மக்கள்தொகையிலும் ஏறத்தாழ அதே பங்குதான். அதனால் இந்தியாவின் தலைவீத வருமானம் தொகுப்பின் சராசரிக்கு மிக அருகில் இருப்பதில் வியப்பில்லை. அந்தச் சராசரியைத் தீர்மானிப்பதே பெருமளவு இந்தியாதான். "இந்தியா தன் தொகுப்பின் சராசரியை எட்டிவிட்டது" என்றால், தன்னைத் தானே அளந்துகொண்டது என்றே பொருள். சரியான ஒப்பீடு வேண்டுமானால் இந்தியாவை நீக்கிவிட்டு மற்ற 50 நாடுகளின் சராசரியோடு ஒப்பிட வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தொகுப்பின் உறுப்பினர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். உலகின் மிகப் பெரிய முஸ்லிம் நாடான இந்தோனேசியா 2023 ஜூலையில் மேல் நடுத்தரத்துக்குப் போனது. ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டிய அதன் உற்பத்தி கீழ் நடுத்தரக் கணக்கிலிருந்து ஒரே நாளில் வெளியேறியது. தொகுப்பு சுருங்கியது, அதில் இந்தியாவின் பங்கு கூடியது. இந்தியாவில் கூடுதலாக ஒரு மூட்டை நெல்கூட விளையவில்லை. ஆகவே இரண்டு வெவ்வேறு ஆண்டுகளின் தொகுப்பு எண்களை ஒப்பிடும்போது, இரண்டிலும் அதே நாடுகள்தான் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

டாலரும் விலைவாசியும்

83 ரூபாய்க்கு நம் ஊரில் கிடைப்பது ஒரு டாலருக்கு அமெரிக்காவில் கிடைப்பதைவிட அதிகம். முடி வெட்டுவதோ ஒரு தேநீரோ அங்கே பல டாலர். இந்த வேறுபாட்டைச் சரிசெய்வதே வாங்கும் திறன் சமநிலைக் கணக்கு. அந்த முறையில் இந்தியாவின் தலைவீத வருமானம் நான்கு மடங்கு வரை உயர்ந்து தெரியும். மொத்த உற்பத்தியிலும் இந்தியா உலகில் மூன்றாம் இடத்துக்கு வந்துவிடும். சீனாவும் அமெரிக்காவும் மட்டுமே அதற்கு முன்னால்.

இரண்டு முறைகளும் சரியானவையே, பயன்தான் வேறு. வெளிநாட்டுக் கடன், பெட்ரோல் இறக்குமதி பற்றிப் பேசும்போது டாலர் கணக்கு பொருந்தும். மக்களின் வாழ்க்கைத் தரத்தைப் பேசும்போது விலைவாசிக் கணக்கு பொருந்தும். ஒரே வாக்கியத்தில் ஒரு நாட்டுக்கு ஒன்றையும் மற்ற நாட்டுக்கு இன்னொன்றையும் பயன்படுத்துவது மட்டும் தவறு.

தமிழ்நாடு தனி நாடாக இருந்தால்

2023-24-இல் தமிழ்நாட்டின் மொத்த உற்பத்தி நடப்பு விலையில் சுமார் 27.22 லட்சம் கோடி ரூபாய். டாலரில் ஏறத்தாழ 32,800 கோடி. 26 குறைந்த வருமான நாடுகளின் கூட்டு உற்பத்தியில் பாதிக்கு மேல். ஆனால் மக்கள்தொகையோ அவர்களின் ஒன்பதில் ஒரு பங்கு. தலைக்கு வகுத்தால் 3.5 லட்சம் ரூபாய் அளவில் வரும். இது வருமானம் அல்ல, உற்பத்தி என்பதை மறக்காமல் ஒப்பிட்டால், கீழ் நடுத்தரத்தின் மேல் வரம்பான 3.75 லட்சத்துக்கு மிக அருகில் நிற்கிறது தமிழ்நாடு. தனி நாடாக இருந்தால் மேல் நடுத்தர வருமானத்தின் வாசற்படியில் இருந்திருக்கும்.

கருணாபுரம் இருப்பது அந்த வாசற்படியில் நிற்கும் மாநிலத்தில்தான்.

சராசரிக்குள் மறைந்த தெரு

பத்து வீடுகள் உள்ள தெருவில் ஒரு வீட்டின் ஆண்டு வருமானம் 10 லட்சம், மற்ற ஒன்பது வீடுகளுக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் என்று வையுங்கள். சராசரி 1.9 லட்சம். அந்தத் தெருவில் 1.9 லட்சம் சம்பாதிக்கும் வீடு ஒன்றுகூட இல்லை. சராசரி என்பது யாருடைய வருமானமும் அல்ல.

இப்போது ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நாளுக்கு 500 ரூபாய், ஆண்டுக்கு 200 நாள் வேலை என்று வைத்தால் ஒரு லட்சம் ரூபாய். வீட்டில் நான்கு பேர் என்றால் தலைக்கு 25,000 ரூபாய், அதாவது 300 டாலர். நூறு நாள் வேலைத் திட்டத்தை மட்டும் நம்பினால் இன்னும் குறைவு. 2024-25-இல் தமிழ்நாட்டில் அதன் நாள் கூலி 319 ரூபாய். நூறு நாளும் கிடைத்தாலும் ஒரு குடும்பத்துக்கு 31,900 ரூபாய்தான். குடும்ப வருமானமும் தேசிய வருமானமும் ஒரே முறையில் அளக்கப்படுவதில்லை. இருந்தாலும் இடைவெளியின் அளவு தெரிகிறது. மாநிலம் மேல் நடுத்தரத்தின் வாசலில். இந்தக் குடும்பமோ குறைந்த வருமான வரம்பான 1,145 டாலருக்கும் வெகு கீழே.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதன் மேற்கே கல்வராயன் மலை. மலையாளி பழங்குடியினர் வாழும் அந்த மலை 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. சாலை, பள்ளி, மருத்துவம் எல்லாம் தாமதமாகவே வந்தன. கள்ளச்சாராயம் காய்ச்சுவதற்கு மலை பெயர் பெற்றது. கருணாபுரம் சாவுகளுக்குப் பிறகு 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. ஒரு மாநிலத்தின் சராசரியில் தெரியாதது, இத்தனை பேர் இறந்த பிறகு நீதிமன்றத்தின் கண்ணில் பட்டது.

சராசரியைப் பிரித்துப் பார்ப்பதன் அவசியத்தை முஸ்லிம் சமுதாயம் நன்கு அறியும். 2006 நவம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சச்சார் குழு அறிக்கை செய்ததும் அதைத்தான். நாட்டின் கல்வி, வேலைவாய்ப்பு, வங்கிக் கடன் எண்களைச் சமூக வாரியாகப் பிரித்துக் காட்டியது. பிரித்தபோதுதான் முஸ்லிம்கள் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார்கள் என்பது அரசின் எண்களிலேயே தெரிந்தது.

மதுவின் வருமானம் எந்தப் பக்கம்?

உற்பத்திக் கணக்கில் இன்னொரு குறை உண்டு. பணம் கைமாறினால் அது கணக்கில் வரும். அதனால் நன்மை விளைந்ததா தீமை விளைந்ததா என்று அது கேட்பதில்லை.

டாஸ்மாக் மூலம் ஆயத்தீர்வையாகவும் மதிப்புக் கூட்டு வரியாகவும் தமிழ்நாடு அரசுக்குக் கிடைத்த வருவாய் 2021-22-இல் சுமார் 36,050 கோடி ரூபாய். 2022-23-இல் 44,121 கோடி. 2023-24-இல் 45,855 கோடி. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் கால் பங்குக்கும் கூடுதல். 2023 ஜூனில் 500 கடைகள் மூடப்பட்ட பிறகும் வருவாய் குறையவில்லை.

இந்தத் தொகை 550 கோடி டாலருக்குச் சமம். காம்பியா, புருண்டி, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு ஆகிய நாடுகளில் ஒவ்வொன்றின் முழு ஆண்டு உற்பத்தியையும்விட இது அதிகம். ஒன்று வரி வருவாய், மற்றது நாட்டு உற்பத்தி. இரண்டும் ஒரே வகை எண் அல்ல. இருந்தாலும் எவ்வளவு பெரிய தொகை என்பதை உணர இந்த ஒப்பீடு உதவும்.

பொருட்கள் மீதான வரி ஜி.டி.பி.யில் சேர்கிறது. மது தயாரிப்பும் விற்பனையும் சேர்கின்றன. குடித்து நோயுற்றவருக்கு மருத்துவமனை செய்யும் செலவும் சேர்கிறது. குடியால் இழந்த வேலை நாட்கள், உடைந்த குடும்பங்கள், படிப்பை விட்ட பிள்ளைகள் எதுவும் கழிக்கப்படுவதில்லை. கருணாபுரத்தில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அரசு தலா 10 லட்சம் ரூபாய் வழங்கியது. அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் பணம் என்பதால் உற்பத்தியில் வராது. கள்ளச்சாராயத்தின் நிலை இன்னும் விசித்திரம். சட்டவிரோத உற்பத்தியையும் மதிப்பிட்டுச் சேர்க்க வேண்டும் என்று ஐ.நா.வின் தேசியக் கணக்கு முறை சொல்கிறது. ஐரோப்பிய நாடுகள் 2014 முதல் போதைப்பொருள் வணிகத்தையும் மதிப்பிட்டுச் சேர்க்கின்றன. அப்படிச் சேர்த்தால் விஷம் விற்றதும் "வளர்ச்சி" ஆகிவிடும்!

ஏழைக் குடும்பத்தின் கணக்கோ வேறு மாதிரி. 2024 பிப்ரவரி முதல் டாஸ்மாக்கில் சாதாரண ரகக் குவார்ட்டர் 140 ரூபாய். மேலே சொன்ன கூலித் தொழிலாளி வேலைக்குப் போகும் 200 நாளும் ஒன்று வாங்கினால் 28,000 ரூபாய். ஒரு லட்சத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல். அந்தக் குடும்பத்தில் தலைக்கு வரும் பங்கைவிடவும் அதிகம். விலை கட்டாதபோது அவர் மலிவான பாக்கெட்டைத் தேடிப் போகிறார். அதில் மெத்தனால் இருந்தால் உடல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. முதலில் கண்பார்வை போகிறது, பிறகு உயிர்.

மதுவிலக்கு ஒன்றே போதும் என்றும் சொல்லிவிட முடியாது. மதுவிலக்கு நடைமுறையில் உள்ள குஜராத்தில் 2022 ஜூலையிலும், பிகாரில் அதே ஆண்டு டிசம்பரிலும் விஷச்சாராயச் சாவுகள் நிகழ்ந்தன. இந்தியாவில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது கல்வராயன் மலைக்கு அண்டையிலுள்ள சேலத்தில்தான், 1937-இல். மதுவிலக்கை நோக்கி அரசு முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 47-ஆவது பிரிவு கூறுகிறது. 2024 ஜூன் இறுதியில் தமிழ்நாடு சட்டமன்றம் கள்ளச்சாராயக் குற்றங்களுக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. சட்டமும் தேவை, வேலையும் தேவை, குடிநோயிலிருந்து மீள மருத்துவமும் தேவை.

வளைகுடாவில் உழைப்பவர் யார் கணக்கில்?

நம் குடும்பங்கள் பலவற்றின் வருமானம் வளைகுடாவிலிருந்து வருகிறது. ஓராண்டுக்கு மேல் அங்கே தங்கி வேலை செய்பவரின் உழைப்பு அந்த நாட்டின் உற்பத்தியில் சேரும். அவரும் அந்த நாட்டு மக்கள்தொகையில் எண்ணப்படுவார். அவர் வீட்டுக்கு அனுப்பும் பணம் இந்தியாவின் உற்பத்தியாக நேரடியாகச் சேராது. இங்கே அதைக் கொண்டு வீடு கட்டும்போதும் கடையில் செலவழிக்கும்போதும்தான் கணக்கில் தெரியும். 2023-இல் இப்படி இந்தியாவுக்கு வந்த பணம் சுமார் 12,000 கோடி டாலர். உலகிலேயே அதிகம்.

கருணாபுரத்துக்கு ஒரு வாரம் முன்பு, 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில் தீப்பிடித்து 40-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்தனர். அவர்களில் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள் ஏழு பேர். குவைத் உயர் வருமான நாடு. அந்தப் பெயர்ப்பலகையும் நெருக்கடியான அறைகளில் தங்கியிருந்தவர்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

இஸ்லாம் தரும் அளவுகோல்

ஒரு சமுதாயத்தின் செல்வத்தை இஸ்லாம் எப்படிப் பார்க்கிறது என்பதை இந்தப் பின்னணியில் கவனிக்கலாம்.

முதலாவது, பங்கீடு. செல்வம் செல்வந்தர்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்று அல்குர்ஆன் (59:7) எச்சரிக்கிறது. மொத்தம் எவ்வளவு என்பதோடு, அது யார் கைக்குப் போகிறது என்பதையும் அது கேட்கிறது.

இரண்டாவது, ஜகாத். ஊரின் சராசரி வருமானத்தைப் பார்த்து யாரும் ஜகாத் கொடுப்பதில்லை. ஒவ்வொருவரிடமும் நிஸாப் அளவு செல்வம் இருக்கிறதா, ஓராண்டு கடந்ததா என்று தனித்தனியாகப் பார்க்கிறோம். பெறுபவர்களையும் அல்குர்ஆன் (9:60) எட்டு வகையாகப் பிரித்துச் சொல்கிறது. ஏழை, வறியவர், கடனாளி, வழிப்போக்கர் என்று ஒவ்வொருவரின் நிலையும் தனியே கவனிக்கப்படுகிறது. முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது நபி (ஸல்) அவர்கள், அங்குள்ள செல்வந்தர்களிடம் வாங்கி அங்குள்ள ஏழைகளுக்கே கொடுக்கும்படி அறிவுறுத்தியதை புகாரி, முஸ்லிம் நூல்களில் காண்கிறோம். அந்த யமன் இன்று குறைந்த வருமான நாடுகளின் பட்டியலில் இருக்கிறது.

மூன்றாவது, தீமையைக் கழிப்பது. மதுவிலும் சூதிலும் மக்களுக்குச் சில பயன்கள் உண்டு என்பதை அல்குர்ஆன் (2:219) மறுக்கவில்லை. ஆனால் அவற்றின் பாவம் பயனைவிடப் பெரியது என்று தீர்ப்பளிக்கிறது. பிறகு 5:90 வசனத்தில் முழுமையாகத் தடுக்கிறது. வருவாய் வருகிறதே என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. வருவாய் வருவது உண்மை. இழப்பையும் சேர்த்து எழுதினால் கணக்கு நஷ்டத்தில் முடிகிறது. குடிப்பவரோடு நில்லாமல் தயாரிப்பவர், சுமப்பவர், விற்பவர், அதன் கிரயத்தை உண்பவர் என அந்தத் தொழிலில் கைவைத்த அனைவரையும் நபிமொழி கண்டிக்கிறது. நம் கடையையோ இடத்தையோ அதற்கு வாடகைக்கு விடுவதும் யோசிக்க வேண்டிய விஷயமே.

செய்தியில் எண்ணைக் கண்டால்

அடுத்த முறை "இந்தியா இத்தனையாவது பெரிய பொருளாதாரம்" என்றோ "இத்தனை நாடுகள் சேர்ந்தாலும் நமக்கு ஈடில்லை" என்றோ செய்தி வந்தால் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். பள்ளி, கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

1. இது மொத்தமா, தலைக்கு வகுத்ததா?
2. டாலர் மாற்று விகிதத்திலா, விலைவாசியைச் சரிசெய்த கணக்கிலா?
3. ஒப்பிடப்படும் தொகுப்புக்குள் அந்த நாடே இருக்கிறதா? தொகுப்பின் உறுப்பினர்கள் இடையில் மாறினார்களா?
4. சராசரிக்குள் யார் மறைந்திருக்கிறார்கள்?
5. இந்த உற்பத்தியால் விளைந்த தீங்கு எங்காவது கழிக்கப்பட்டிருக்கிறதா?

நான்காவது கேள்விக்கு விடை தேட உலக வங்கிக்குப் போக வேண்டியதில்லை. நம் மஹல்லாவிலேயே தேடலாம். எத்தனை வீடுகளில் சம்பாதிப்பவர் இல்லை, எத்தனை பிள்ளைகள் பணமில்லாமல் படிப்பை நிறுத்தினார்கள், எத்தனை குடும்பங்கள் வட்டிக்கடனில் சிக்கியிருக்கின்றன, எந்த வீட்டில் குடி நுழைந்திருக்கிறது என்ற விவரம் ஜமாஅத் நிர்வாகத்திடம் இருக்க வேண்டும். பெயர்களை வெளியே சொல்லாமல், மானம் காத்து எடுக்கப்படும் இந்தக் கணக்குதான் ஜகாத்தையும் ஸதகாவையும் உரியவரிடம் சேர்க்கும். குடியிலிருந்து மீள விரும்புபவரை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்வதும், பக்கத்துத் தெருவில் கூலியில்லாமல் தவிக்கும் மாற்று மதத்துச் சகோதரரின் வீட்டில் அடுப்பெரியச் செய்வதும் இந்தக் கணக்கில் அடங்கும். அண்டை வீட்டார் பசித்திருக்கும்போது தான் மட்டும் வயிறு நிறைய உண்பவரைப் பற்றிய நபிகளாரின் எச்சரிக்கையில் அண்டை வீட்டார் எந்த மதம் என்ற பாகுபாடு இல்லை.

நாட்டின் உற்பத்தி வளர வேண்டும். அதில் இருவேறு கருத்தில்லை. வளர்ந்த உற்பத்தி கருணாபுரம் போன்ற ஒரு தெருவை எட்டியதா என்பதைத் தெருவில் இறங்கித்தான் பார்க்க வேண்டும்.

வளத்தைப் பங்கிட்டு வாழும் மனதையும், நம்மைச் சுற்றியுள்ள எளியவர்களின் கணக்கை மறக்காத பொறுப்பையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.